மயிலாப்பூர் இருட்டும் இரண்டு கேமராக்களும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்துவிட்டு, கச்சேரி, கோயில் விழா என்று படமெடுப்பதையே தொழிலாக்கிக்கொண்ட மாணவன் ஒருவன் போன வாரம் இரண்டு கேமராக்களோடு வந்தான். (ஐம்பதை நெருங்குகிறவனை 'அவன்' என்று எழுதுவது ஆசிரியர்களுக்கு மட்டும் உள்ள சலுகை.) இரண்டும் நிக்கான். ஒன்று 1999-ல் வெளிவந்த டி1. இன்னொன்று 2007-ல் வந்த டி3. "சார், பழசைத் தூக்கிப் போட்டுடுன்னு வீட்டுல சொல்றாங்க. ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு நீங்க எழுதுங்களேன்" என்றான். எட்டு வருட இடைவெளிதான். ஆனால் அந்த எட்டு வருடத்தில் நம் ஊரின் ஞாபகத்துக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்ல, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நம் மாகாணத்தில் புகைப்படத்தின் கதை பழையது. மெட்ராஸ் புகைப்படச் சங்கம் தன் தொடக்கத்தை 1857 என்று கணக்கிடுகிறது. அதே காலத்தில், 1856 முதல் 1860 வரை, லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மெட்ராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்தார். 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களோடு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை அடுத்தடுத்து எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் அந்தப் படங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: ஊரே காலியாகத் தெரியும். பிரகாரத்தில் ஆளில்லை, தெருவில் மாடில்லை. அவர் கட்டடங்களைத்தான் எடுக்க வந்தார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தக் காகிதத்தின் மந்தம். வெளிச்சம் பதிய நெடுநேரம் ஆகும். அதற்குள் நடந்து போகிறவர் எந்த இடத்திலும் போதுமான நேரம் நிற்கமாட்டார். ஆகவே படத்தில் விழமாட்டார். அசையாத கல் பதிந்தது, அசைந்த மனிதர்கள் மறைந்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேமராவுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதுதான், யார் சரித்திரத்தில் தெரிவார்கள் என்பதையும் ஓரளவு முடிவு செய்கிறது.

ஃபிலிம் காலத்துக்கு வேகமாக வந்துவிடுகிறேன். ஊட்டியில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பாஸ்போர்ட் சைஸ் படங்கள் பலவும் அதில்தான். கச்சேரி எடுப்பவர்கள் 400 வேகச் சுருளை வாங்கி, 1600 என்று பாவித்து எடுத்து, இருட்டறையில் கூடுதல் நேரம் கழுவிச் சமாளிப்பார்கள். படம் முழுக்க ரவை தூவியது போல இருக்கும். கோயில் விழாவில் இரவு என்றால் ஃபிளாஷ்தான், வேறு வழி கிடையாது.

இப்போது டிஜிட்டல். 1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் செய்த முதல் கருவி, 100-க்கு 100 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை டேப் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1991-ல் அதே கோடாக், நிக்கான் எஃப்3 உடம்பில் 1.3 மெகாபிக்செல் சென்ஸாரைப் பொருத்தி விற்றது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியாக மாட்டிக்கொண்டு அலைய வேண்டும். அதற்கடுத்த தலைமுறைக் கருவிகள் பத்தாயிரம் டாலரைத் தாண்டின. பெரிய செய்தி நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் சமாசாரம்.

1999 ஜூனில் நிக்கான் அறிவித்த டி1 அந்த நிலைமையை மாற்றியது. கேமரா நிறுவனம் ஒன்று முழுக்கத் தானே வடிவமைத்த, தொழில்முறையாளருக்கான டிஜிட்டல் எஸ்எல்ஆர். 2.74 மெகாபிக்செல். விலை அமெரிக்காவில் சுமார் 5,500 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் இரண்டேகால் லட்ச ரூபாய்க்கு மேல், சுங்க வரி தனி. என்னுடைய அப்போதைய சம்பளத்தில் ஏறக்குறைய இரண்டு வருடம்! இருந்தாலும் முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் பாதி விலை. நிக்கான் மட்டும்தான் என்று கேனன்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம். 2001-ல் ஈஓஎஸ் 1டி, 2002-ல் 11 மெகாபிக்செல் 1டிஎஸ் என்று கேனன் முன்னால் ஓடியதும் உண்மை. என் மேஜைமேல் இருந்தவை நிக்கான், அவ்வளவுதான்.

2.74 மெகாபிக்செல் என்றதும் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். 2000-க்கு 1312 புள்ளி. செய்தித்தாள் அச்சுக்கு அங்குலத்துக்கு 200 புள்ளி என்று வைத்தால் 10 அங்குல அகலப் படம் வரும். முதல் பக்கத்துக்குத் தாராளம். ஆகவே மெகாபிக்செல் குறைவு என்பது டி1-ன் பெரிய குறையே இல்லை என்பது என் கட்சி. குறை வேறு இடங்களில் இருந்தது. சில இடங்களில் பழசே புதுசை ஜெயித்தது. நம் தெருக்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கபாலீஸ்வரர் கோயில் கிழக்குக் கோபுரம். 1906-ல் எழுந்தது, உயரம் ஏறத்தாழ 37 மீட்டர். டி1-ன் சென்ஸார் 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறியது. அகலம் 23.7 மி.மீ.தான். டி3-ல் ஃபிலிம் அளவுக்கே, 36 மி.மீ. இரண்டிலும் ஒரே 28 மி.மீ. லென்ஸை மாட்டி, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்துக் கோபுரம் முழுவதையும் அடக்க வேண்டும் என்றால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? வகுப்பில் போட்ட அதே முக்கோணக் கணக்குதான். டி3-க்குச் சுமார் 17 மீட்டர். டி1-க்குச் சுமார் 36 மீட்டர். சந்நிதித் தெருவில், விழா நாளில், கூட்டத்துக்கு நடுவே இன்னொரு 19 மீட்டர் பின்னால் போய்ப் பாருங்கள்! பூக்கடைக்காரம்மா திட்டுவார். (அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்தாற்போலத் தெரியும், அது வேறு கதை.) டி1 வந்ததும், லட்சக்கணக்கில் லென்ஸ் வைத்திருந்தவர்களின் அகலக் கோண லென்ஸ்கள் எல்லாம் ஒரே நாளில் சாதா லென்ஸ் ஆகிவிட்டன.

ஆனால் அதே குறை அடையாறு முகத்துவாரத்தில் வரமாகிவிட்டது. உடைந்த பாலத்துப் பக்கம் பறவை எடுப்பவர்களுக்கு 300 மி.மீ. லென்ஸ், டி1-ல் 450 மி.மீ. போலப் பறவையைக் கிட்டத்தில் காட்டும்.

அடுத்து அறுபத்துமூவர். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், மதியம் மூன்று மணி வெயில். சுவாமிக்குக் குடை, அதன் கீழே கன்னங்கரேல் என்று நிழல். சுற்றிலும் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். இதற்குச் சிறிதளவு ஃபிளாஷ் கொடுத்து நிழலைத் தூக்குவார்கள். ஃபிளாஷோடு சேர்ந்து வேலை செய்யும் அதிகபட்ச ஷட்டர் வேகம் டி1-ல் விநாடியில் 500-ல் ஒரு பங்கு. டி3-ல் 250-ல் ஒரு பங்குதான். டி1-ன் சிசிடி சென்ஸார் மின்னணு முறையிலேயே வெளிச்சத்தை வெட்டியதால் கிடைத்த வசதி அது. அதிகபட்ச வேகமும் அப்படியே: பழசில் 16,000-ல் ஒரு பங்கு, புதுசில் 8,000-ல் ஒரு பங்கு. என் மாணவன் இதற்காகவே 2007-க்குப் பிறகும் சில வருடம் மதிய வேளைகளில் டி1-ஐத் தோளில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். புதுசு என்றால் எல்லாவற்றிலும் மேல் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்காட்டலாம்.

சரி, இப்போது இரவுக்கு வருவோம். பதிவின் மையமே இதுதான்.

பெருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம். பார்த்தவர்களுக்குத் தெரியும். இரவு வெகுநேரம் ஆன பிறகு வெள்ளி ரிஷபத்தின் மேல் சுவாமி வெளியே வருவார். சீர்பாதம் தாங்கிகள் தோளில் ஏற்றி அசைத்து அசைத்து வருவார்கள். தெருவில் இருக்கும் வெளிச்சம் நம் கண்ணுக்குப் போதும், கேமராவுக்குப் போதாது. கணக்காகச் சொன்னால், எஃப் 2.8 லென்ஸை முழுக்கத் திறந்துவைத்தாலும், ஐஎஸ்ஓ 100-ல் அரை விநாடி தேவைப்படும் இருட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டி1 பெயருக்கு 1600 வரை போகும், ஆனால் நல்ல படம் 800-க்கு மேல் வராது. 800-ல் விநாடியின் 15-ல் ஒரு பங்கு. அதற்குள் ரிஷபம் அசைந்துவிடும். டி3-ல் 6400 வைக்கலாம். எட்டு மடங்கு. விநாடியின் 125-ல் ஒரு பங்கு. ரிஷபம் நிற்கும், மாலையின் நார் தெரியும்.

இது எப்படி வந்தது என்று என் பழைய மாணவர்கள் கேட்பார்கள். புள்ளி பெரிதாக இருந்தால் அதிக வெளிச்சம் வாங்கும், ஆகவே இரைச்சல் குறையும் என்று பலரும் சொல்வார்கள். அப்படியானால் டி1 அல்லவா ஜெயிக்க வேண்டும்? 23.7 மி.மீ.-ஐ 2000-ஆல் வகுத்தால் அதன் புள்ளி கிட்டத்தட்ட 12 மைக்ரான். டி3-ல் 36-ஐ 4256-ஆல் வகுத்தால் எட்டரை மைக்ரான்தான். ஆக, புள்ளி சிறுத்தும் படம் தெளிந்தது. மொத்த சென்ஸார் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது ஒரு காரணம். விழும் வெளிச்சத்தை வீணாக்காமல் குவிக்கும் நுண் லென்ஸ்கள், சிசிடிக்குப் பதில் வந்த சிமாஸ், மின்னணுச் சைகையைப் படிக்கும்போது கலக்கும் இரைச்சலைக் குறைத்த சுற்றுகள் இவை மற்ற காரணங்கள். சிசிடியைக் கண்டுபிடித்த பாயில், ஸ்மித் இருவருக்கும் 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் தொழில்முறை எஸ்எல்ஆர்கள் சிமாஸுக்கு மாறிவிட்டிருந்தன!

சரி, ரிஷபம் கூர்மையாக வந்தது, அதனால் என்ன? ஃபிளாஷ் போட்டு எடுத்த பழைய படங்களிலும் ரிஷபம் கூர்மையாகத்தான் இருக்கும். மாணவன் தன் மடிக்கணினியில் இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான். ஒன்று டி1 காலத்தில் ஃபிளாஷோடு எடுத்தது. நடுவே வெள்ளி பளீர் என்று வெளிறிப்போய் நிற்கிறது. சுற்றிலும் கறுப்பு. கரி பூசினாற்போன்ற கறுப்பு. சுவாமி அந்தரத்தில் தனியாக மிதப்பது போல இருக்கிறது. ஃபிளாஷின் ஒளி தூரம் போகப் போக வர்க்க விகிதத்தில் குறைந்துவிடும். இரண்டு மடங்கு தூரத்தில் கால் பங்குதான். அதற்கேற்ப ஷட்டரை வேகமாக வைத்துவிட்டால் தெருவின் வெளிச்சமும் பதியாது.

இரண்டாவது படம் 2008-ல், டி3-ல், ஃபிளாஷ் இல்லாமல். தீவட்டிக்காரர் இருக்கிறார். அவர் தாடையில் எண்ணெய் வெளிச்சம். தாங்கிகளில் ஒருவர் தோளுக்கும் கொம்புக்கும் நடுவே துண்டை மடித்துச் செருகியிருக்கிறார். நாகஸ்வரக்காரரின் கன்னம் உப்பியிருக்கிறது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகப் பெண்கள், அதில் ஒருவர் தூங்கும் குழந்தையின் தலையைத் திருப்பிச் சுவாமியைக் காட்டுகிறார். எல்லாரும் வாகனத்தின் வெளிச்சத்திலேயே தெரிகிறார்கள்.

ட்ரைப்பின் படங்களில் மனிதர்கள் அசைந்ததால் மறைந்தார்கள் என்றேன். ஃபிளாஷ் காலத்தில் இருட்டில் நின்றதால் மறைந்தார்கள். தோளில் சுமந்தவர், விளக்கு பிடித்தவர், ஓரமாக நின்று கும்பிட்டவர் எல்லாரும்தான். ரிஷப வாகனத்தை எத்தனையோ வருடமாகப் படமெடுத்திருக்கிறார்கள். ஆனால் ரிஷப வாகன இரவைப் படமெடுக்க முடிந்தது டி3 போன்ற கேமராக்கள் வந்த பிறகுதான் என்று நான் துணிந்து சொல்வேன். இதில் மெகாபிக்செல்லுக்குப் பங்கு மிகக் குறைவு.

சபா கதையும் இதேதான், கொஞ்சம் சத்தத்தோடு. மார்கழியில் மியூசிக் அகாடமியோ, தி. நகர் கிருஷ்ண கான சபாவோ, கச்சேரி நடுவே ஃபிளாஷ் அடித்தால் ரசிகர்களே எழுந்து வந்துவிடுவார்கள். மேடை விளக்கு தெருவைவிடப் பரவாயில்லை. டி1-ல் 800 வைத்தால் 125-ல் ஒரு பங்கு கிடைக்கலாம். பாடகரின் முகத்துக்கு அது போதும். மிருதங்கக்காரரின் விரலுக்குப் போதாது. வலந்தலையில் விரல் இருக்க வேண்டிய இடத்தில் பனிமூட்டம்தான் இருக்கும். டி3-ல் 3200 வைத்தால் 500-ல் ஒரு பங்கு. விரல் தோலைத் தொடும் கணம் சிக்கும். பக்கவாத்தியக்காரர்களும் படத்தில் ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தார்கள் என்று மாணவன் சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிப்பதற்கான விஷயம் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

ஆனால் 'டபக், டபக்' என்ற கண்ணாடிச் சத்தத்தை டி3-ஆலும் நிறுத்த முடியவில்லை. எஸ்எல்ஆர் என்றாலே உள்ளே ஒரு கண்ணாடி மேலே எழும்பி இறங்க வேண்டும். விநாடிக்கு 9 படம் எடுக்கும் டி3 நாலாவது வரிசையில் இருந்தால், நீலாம்பரி ஆலாபனைக்கு அது வேறு ஒரு தாளம் போடும். அனுபவமுள்ளவர்கள் கைதட்டல் வரும்வரை காத்திருந்து எடுப்பார்கள். அந்தத் தொல்லைக்கு முடிவு, கண்ணாடியே இல்லாத கேமராக்கள் வந்த பிறகுதான். 2020-ல் வந்த நிக்கான் டி6-க்குப் பிறகு அந்த வரிசையில் புது எஸ்எல்ஆர் வரவில்லை. ஆக, 1999-ல் டி1-ல் தொடங்கிய பரம்பரையின் ஆயுள் சுமார் 21 வருடம். நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தைவிடக் குறைவு.

இனி கவலையான விஷயம். ட்ரைப்பின் படங்கள் 160 வருடங்களுக்குப் பிறகும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. தாத்தா காலத்து ஸ்டூடியோ படம் ஒன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் கண்டிப்பாக இருக்கும். டி1-ல் 2000-க்கும் 2007-க்கும் நடுவே எடுத்தவை எங்கே? என் மாணவனிடமே முழுதாக இல்லை. அன்று 64 எம்பி அட்டையில் நல்ல தர ஜேபெக் ஐம்பது வரைதான் கொள்ளும். கணினியில் இறக்கி, அட்டையை அழித்து, மறுபடி எடுக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் இடமும் விலை. ஆகவே சிடியில் எரித்து, மேலே மார்க்கரால் 'மயிலை 2003' என்று எழுதி, டப்பாவில் போட்டுவிடுவார்கள். அவன் கொண்டுவந்த டப்பாவில் இருந்த சிடிகளில் பாதிக்கு மேல் திறக்கவில்லை. மெட்ராஸ் ஈரத்தில் பின்பூச்சு உரிந்துவிட்டது. திறந்தவற்றிலும் ஒரு சிக்கல். டி1 தொலைக்காட்சிக்கு உரிய ஒரு பழைய நிற வரையறையில் படங்களைப் பதியும். இன்றைய மென்பொருளில் அப்படியே திறந்தால் அரக்குப் பட்டு அரக்காகவே இருக்காது. சரியான வரையறையைச் சொல்லிக் கொடுத்துத் திறந்தால்தான் நிறம் திரும்பும்.

நம் ஊரில் நெகட்டிவ் உள்ள காலத்தைக் காப்பாற்ற ஆட்கள் இருக்கிறார்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் 1994 முதல் பழைய அச்சுப் பொருள்களைப் பாதுகாக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடித்தேடி டிஜிட்டலாக்கியது. கைப்பேசிக் காலப் படங்களோ வேண்டாம் என்றாலும் போகமாட்டேன் என்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்டது இந்தச் சிடி காலம்தான். மேம்பாலங்கள் எழும்புவதற்கு முந்தைய தி. நகர், 2004 டிசம்பர் 26-க்கு முந்தைய சாந்தோம், பட்டினப்பாக்கம் கடற்கரைக் குடியிருப்புகள், இடிக்கப்பட்ட உங்கள் பழைய வீட்டு முற்றங்கள் எல்லாம் அந்த வட்டத்தட்டுகளில்தான் இருக்கின்றன.

டி1-ஐத் தூக்கிப் போட வேண்டாம் என்று மாணவனிடம் சொல்லிவிட்டேன். அதன் நிக்கல் பாட்டரி செத்துவிட்டது. புதுசு கிடைப்பது கஷ்டம். இருந்தாலும் அந்தக் காலப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க அது வேண்டும்.

உங்களுக்கு என் வேண்டுகோள் இது. பரணில், பீரோவுக்கு மேலே, பழைய சிடி டப்பா இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். கண்ணாடி போலப் பளபளக்கும் பக்கத்தில் கை வைக்காமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், பூச்சும் சேர்ந்து வந்துவிடும். சிடி டிரைவ் உள்ள கணினி வீட்டில் இல்லாதவர்கள் எனக்குச் சொல்லுங்கள், என்னிடம் வேலை செய்யும் டிரைவ் ஒன்று இருக்கிறது. திறந்ததும் முதலில் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள், அழகு பார்ப்பது பிறகு. யார், எந்தத் தெரு, எந்த வருடம் என்று தெரிந்தவரை ஒரு வரி எழுதி வையுங்கள். 2000-லிருந்து 2007 வரையான மாட வீதி, பாண்டி பஜார், அடையாறு படம் எதுவாக இருந்தாலும், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, கீழே கருத்தில் தெரிவியுங்கள்.